ஆறு மேட்டில் ஓடுகிறது, மழை பள்ளத்தில் வடிகிறது

கேள்வி: "குடகில் மழை பெய்தால் ஒரு வாரம், பத்து நாளில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரிலேயே பெய்கிற மழை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடலுக்குப் போய்ச் சேரப் பத்து நாள் ஆகிறது. ஆறு நிரம்பக்கூட இல்லை, அதற்குள் சம்பா மூழ்கிவிடுகிறது. மழைத் தண்ணீர் உண்மையில் எந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது?"

பதில்:

முதலில் ஒரு சின்னத் திருத்தம். குடகில் இன்று பெய்த மழை பத்து நாளில் உங்கள் மடைக்கு வருவதில்லை. தலைக்காவிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் ஹேமாவதி, கபினி போன்ற துணையாறுகளோடு கர்நாடக அணைகளில் தேங்கி, திறந்துவிட்ட பிறகு எல்லையோரப் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, மேட்டூரில் மறுபடியும் தேங்குகிறது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), மட்டம் 120 அடி. ஜூன் 12-ஆம் தேதி மதகு திறந்தால் உங்களுக்கு வருவது பெரும்பாலும் முன்பே தேங்கியிருந்த தண்ணீர். அது கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள். காய்ந்த மணல் குடித்தது போகக் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதிக்கு எட்ட மேலும் ஒரு வாரம், பத்து நாள். நீங்கள் சொல்லும் கணக்கு இதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் காவிரியில் சேர்வது மேட்டூருக்குக் கீழே. மேட்டூரை முழுக்க மூடி வைத்திருந்தாலும், கொங்குப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கரூருக்குக் கீழே மாயனூரில் வெள்ளம் வரும். "மேட்டூர் மூடியாச்சு, இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட முடியாது.

மழைத் தண்ணீர் கடலுக்குப் போகும் கதையைப் பள்ளிப் பாடத்தில் ஒரு மரம் மாதிரி வரைந்து காட்டுவார்கள்: சின்ன ஓடைகள் சேர்ந்து கிளையாறு, கிளையாறுகள் சேர்ந்து பெரிய ஆறு, பிறகு கடல். அந்தப் படம் திருச்சிக்கு மேற்கே இருக்கிற முக்கொம்பு வரைக்கும் சரி. அதற்குக் கீழே படத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கத் தீவு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மறுபடியும் பிரிகிறது, உபரி கொள்ளிடத்துக்குப் போகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு, வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, நீடாமங்கலத்தில் ஆறு பிரியும் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு சிறுத்துக்கொண்டே போகிறது. மேலையூர்க் கடைமடைக் கதவணையைத் தாண்டிப் பூம்புகாரில் கடலைத் தொடும் காவிரியைப் பார்த்தவர்கள், இதுவா காவிரி என்றுதான் கேட்பார்கள்.

பெரு வெள்ளம் வந்தால் அதைக் கடலுக்குக் கொண்டுபோவது கொள்ளிடம். அது அகலமானது, நேரானது, காவிரியைவிடத் தாழ்ந்தது. விட்டால் எல்லாத் தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்கே ஓடிவிடும் என்பதால்தான் கல்லணை. காவிரித் தலைப்பு மணல் மேடிட்டு வறண்டுபோகும் நிலை வந்ததால்தான் 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பழைய அணையில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளத்தின் மொத்தப் பாரமும் கொள்ளிடத்தின் தலையில்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஆறு கரை வழிந்த காலங்களில் கனமான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே விழுந்தன. நைஸான களி மட்டும் தூரம் போய்ப் படிந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே நடந்ததில் ஆறு தன் கரையைத் தானே உயர்த்திக்கொண்டு, சுற்றுப்புற நிலத்தைவிட மேட்டில் ஓட ஆரம்பித்தது. வாழையும் தென்னையும் மூங்கிலும் நிற்கிற படுகை, ஊர்த்தெரு, பழைய சாலை எல்லாம் அந்த மேட்டில்தான். இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் களிமண் பள்ளம்தான் நஞ்சை. ஆற்றங்கரையிலிருந்து வயலுக்கு நடந்தால் இறங்கிப் போவது காலுக்கே தெரியும்.

எஞ்சின் வைத்து இறைக்காமல், தலைமதகைத் தூக்கினால் போதும், தண்ணீர் தானாக வயலுக்கு வருகிறதே, அது இந்த மேட்டின் புண்ணியம். அதே காரணத்தால் வயலில் விழுந்த மழை ஆற்றுக்குத் திரும்பிப் போக முடியாது. அது பள்ளத்தின் நடுவே போகும் வடிகாலைத்தான் தேட வேண்டும். ஆறு பாதிகூட நிரம்பாத நாளில் வயல் மூழ்குவது இதனால்தான். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது வடிகாலை.

டெல்டா வடிகாலில் ஒரு சிக்கல் உண்டு. தலைமடைக்காரருக்கு வடிகால், அடுத்த ஊர்க்காரருக்குப் பாசன வாய்க்கால். மேலூரில் வடிந்ததைக் கீழூரில் பிடித்துப் பாய்ச்சுகிற ஏற்பாடு இது. தண்ணீர் பற்றாத மாதத்தில் அருமையானது. புரட்டாசியில் மட்டம் உயர்த்துவதற்காக மண் மூட்டையும் தட்டியும் வைத்து மறிப்பார்கள். ஐப்பசியில் முதல் காற்றழுத்தத் தாழ்வு வரும்போது அதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்கப் போனால் "நாளைக்குத் தண்ணி இல்லேன்னா நீயா குடுப்பே?" என்று சண்டை வரும். டெல்டாவில் வடிகால் தகராறு பாதி இந்த மூட்டைகளைச் சுற்றித்தான்.

இப்போது அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு மா, அதாவது 100 குழி, 14,400 சதுர அடி. அதில் 10 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 1.34 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர், 405 கன மீட்டர். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அந்த மழையில் ஒரு மாவில் விழுந்தது 5.9 லட்சம் லிட்டர்: 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 49 லோடு.

கோடையில் என்றால் வெடித்த களிமண் முதல் மழையை அப்படியே விழுங்கிவிடும். சம்பா நட்ட வயலில் அது நடக்காது. சேறடித்து நட்ட மண்ணுக்கு அடியில் இறுகிய தளம் இருக்கிறது. களிப்பாங்கான நிலத்தில் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். அடைமழை நாளில் வெயிலும் இல்லை, ஆவியாவதும் சொற்பம். வரப்பு ஒரு சாண் உயரம், அதில் ஏற்கெனவே இரண்டு அங்குலம் நிற்கிறது. ஆகவே மீதி ஏழு அங்குலம், அதாவது சுமார் 18 செ.மீ. மழையைத்தான் கஷ்டப்பட்டு வயல் தாங்கும். அதற்கு மேல் விழுவதெல்லாம் வரப்பைத் தாண்டி வடிகாலுக்கு வந்தாக வேண்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், மணற்பாங்கான நிலத்தில் நிலைமை வேறு. அங்கே கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் காட்டாறுகள் சட்டென்று பெருகும், சட்டென்று வடியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் வடிகாலில் 1,000 ஏக்கர் வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. தண்ணீரை மூன்று நாளில் வெளியேற்ற வினாடிக்கு 1.56 கன மீட்டர், அதாவது சுமார் 55 கன அடி ஓட வேண்டும். ஓடுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். வடிகாலில் நேரான ஒரு துண்டைத் தேர்ந்து 10 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் குச்சி நடுங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை மேல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதற்குப் போக எத்தனை வினாடி என்று பாருங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், அதைக் காற்று தள்ளும். எலுமிச்சை பாதி முங்கி மிதப்பதால் தண்ணீரோடு போகும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 10-ஐ வினாடியால் வகுத்து 0.85-ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் அடியில் தண்ணீர் மெதுவாகப் போகிறது. அதைத் தண்ணீரின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். 35-ஆல் பெருக்கினால் கன அடி.

3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் ஓடும் வடிகாலில் எலுமிச்சை 20 வினாடியில் போனால் 1.3 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 45 கன அடி. ஆயிரம் ஏக்கரின் 10 செ.மீ. வடிய நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதே வடிகாலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, எலுமிச்சை 60 வினாடி எடுத்தால் ஓடுவது 15 கன அடி. அதே தண்ணீர் வடியப் பதினொரு நாள். மழையும் வடிகாலின் அகலமும் மாறவில்லை, செடி மட்டும்தான் வித்தியாசம். நீங்கள் சொன்ன பத்து நாளுக்கு முதல் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நட்டு ஒரு மாதம் ஆகாத பயிர், நுனி வெளியே தெரியாமல் முழுக்க முங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆகவே நான்கு நாளா, பதினொரு நாளா என்பதில் அந்த வருஷத்துச் சம்பாவே அடங்கியிருக்கிறது.

அடுத்த இடம் குழாய்ப் பாலம். வயலுக்கு டிராக்டர் போக ஊருக்கு ஊர் இரண்டடிக் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண் கொட்டிவிடுகிறார்கள். இரண்டடி விட்டமுள்ள குழாய் நிரம்பி, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 10 கன அடிதான். 55 கன அடி வேண்டிய வடிகாலில் அப்படி ஒரே ஒரு குழாய் இருந்தால், அதற்கு மேலே எவ்வளவு அழகாகத் தூர்வாரியிருந்தாலும் பயனில்லை. கண்டுபிடிப்பது சுலபம்: மழை நாளில் குழாய்க்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேதான் நெரிகிறது. பெரிய சாலைகளுக்கும் இதே சோதனை. டெல்டாவின் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கடற்கரை மாவட்டங்களின் முக்கியச் சாலைகள் வடக்கு தெற்காக அதைக் குறுக்கே வெட்டுகின்றன. சாலையை உயர்த்தும்போது பாலத்தின் கண்ணும் சேர்ந்து அகலமாகாவிட்டால், சாலையே கரையாகி மேற்கே தண்ணீரைத் தேக்கும்.

இதையெல்லாம் தாண்டி வந்த தண்ணீருக்குக் கடைசிச் சோதனை கடல். திருச்சி 80 மீட்டருக்கு மேல் இருக்கிறது, கும்பகோணம் 25 மீட்டரை ஒட்டி, மயிலாடுதுறை பத்துப் பன்னிரண்டு. கடற்கரையை நெருங்க நெருங்கச் சரிவே இல்லை என்றாகிவிடும். ஒரு வடிகால் கிலோமீட்டருக்கு 10 செ.மீ. இறங்குகிறது என்று வையுங்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்றம், 60 செ.மீ. ஏறினால், அந்தத் தண்ணீர் 6 கிலோமீட்டர் உள்ளே எதுத்து ஏறும். நாகை கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் இங்கே நிலத்தின் சரிவு அதைவிடக் கஞ்சம். ஆகவே கடைமடை இயக்கு அணை, நம் ஊரில் சட்ரஸ் என்கிறோமே, அதன் ஷட்டரை ஏற்றத்தில் இறக்கி வற்றத்தில் தூக்க வேண்டும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அதில் பாதி நேரம்தான் வடியும். நான்கு நாள் கணக்கு எட்டு நாளாவது இப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். புயல் சின்னம் கரைக்கு அருகில் நின்றால் காற்றும் கடலைத் தள்ளிக்கொண்டு வரும், வற்றமே தெரியாது. அந்த நேரத்தில் துருப்பிடித்த ஷட்டர் பாதியில் சிக்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம்: மழை வடியாது, உப்பும் உள்ளே வரும்.

முகத்துவாரத்தில் மணல் திட்டு வேறு. ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். பெரிய வெள்ளம் வந்தால் அதுவே உடைத்துக்கொண்டு போகும். ஆனால் சின்ன வடிகாலுக்கு அந்தப் பலம் கிடையாது; யாராவது வெட்டிவிட வேண்டும். வெட்டுவதை வற்றம் தொடங்கும்போது செய்ய வேண்டும். அப்போதுதான் உள்ளே நிற்கும் தண்ணீர் வேகமாக இறங்கி வாயைத் தானே அகலப்படுத்தும். ஏற்றத்தில் வெட்டினால் கடல்தான் உள்ளே வரும்.

வெண்ணாற்றுப் பிரிவில் வழி இன்னும் சுற்று. அரிச்சந்திரா நதி, அடப்பாறு போன்றவை நேரே கடலுக்குப் போகாமல் கடற்கரைக்கு இணையாகப் போகும் வேதாரண்யம் கால்வாயைத் தொடுகின்றன. தெற்கே கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலில் இறங்குகின்றன. கால்வாய் தூர்ந்தால் அதைத் தொடும் அத்தனை ஆறும் முட்டி நிற்கும். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்றின் கீழ்ப்பகுதியில் நடந்த பணியில், ஆறுகளோடு இந்தக் கால்வாயையும் வளவனாற்று வடிகாலையும் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

இனி, சரிசெய்யும் வரிசை. தூர்வாருவதைக் கடல் பக்கத்திலிருந்து மேலே தொடங்க வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் தலைமடைத் தண்ணீர் வேகமாக வந்து கடைமடைக்காரர் வயலில் நிற்கும். தூர்வாரியதே வெள்ளத்துக்குக் காரணமாகும். அள்ளிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, முதல் மழையில் திரும்ப உள்ளே விழும். கடற்கரை ஓரத்தில் ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டவும் கூடாது. கடல் மட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தில் தண்ணீர் ஓடாது, உப்புதான் தங்கும். அங்கே தேவை அகலம்.

அதைவிட முக்கியம், காலம். தூர்வாரும் பணி வழக்கமாகச் சித்திரை, வைகாசியில், மேட்டூர் திறப்புக்கு முன்னால் நடக்கிறது. பாசன வாய்க்காலுக்கு அது சரியான காலம். ஆகாயத்தாமரை இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி. வைகாசியில் சுத்தம் செய்த வடிகால் ஐப்பசிக்குள் மறுபடியும் பச்சைப் பாய் விரித்திருக்கும். வடிகாலுக்கு மட்டும் புரட்டாசிக் கடைசியில் இன்னொரு முறை செடி எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மண் அள்ள வேண்டாம், செடியை மட்டும் எடுத்துக் கரைக்கு அப்பால் போட்டால் போதும், செலவும் குறைவு.

ஷட்டர் விஷயத்திலும் நாள் கணக்கு உண்டு. கனமழை எச்சரிக்கை வந்ததும் கல்லணையில் காவிரி, வெண்ணாற்றுத் தண்ணீரைக் குறைத்துக் கொள்ளிடத்தில் திருப்புவார்கள். ஆனால் அதற்கு முன்பே ஆற்றில் புறப்பட்டுவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கீழ்டெல்டாவில் ஆறுகளே வடிகாலாகவும் இருப்பதால், அந்தத் தண்ணீர் ஆற்றில் நிற்கும்வரை உங்கள் வடிகால் ஆற்றில் இறங்காது. எனவே மழை தொடங்கிய அன்று குறைப்பது கடைமடைக்கு உதவாது. நான்கைந்து நாள் முன்னால் குறைக்க வேண்டும். வானிலை முன்னறிவிப்பு அவ்வளவு நாள் முன்னதாகக் கிடைக்கிறது. உங்கள் ஊர் வாய்க்கால்களின் தலைமதகுகளையும் அப்போதே முழுக்க இறக்கிவிடுங்கள். பாதி திறந்த தலைமதகு வழியாக ஆற்றுத் தண்ணீரும் வந்து மழையோடு சேர்ந்துகொள்வதைப் பல ஊரில் யாருமே கவனிப்பதில்லை.

"இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குத்தானே போகிறது" என்று அடுத்து கேட்பீர்கள். காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டு, அதில் சுற்றுச்சூழலுக்காக 10-உம், தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்காக 4-உம் ஒதுக்கியது. கடலுக்குப் போகும் தண்ணீருக்கும் வேலை இருக்கிறது: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு நன்னீர் வேண்டும், இறால் குஞ்சு வளர உவர்நீர் வேண்டும், முகத்துவாரம் திறந்திருக்க ஓட்டம் வேண்டும், கரையோர ஆழ்குழாயில் உப்பு ஏறாமல் இருக்க நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் வேண்டும். கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது கீழணையில் தடுத்து வடவாறு வழியாக வீராணத்தை நிரப்புவது போல, பிடிக்க முடிந்ததைப் பிடிக்கலாம். ஆனால் ஒரே நாளில் 44 செ.மீ. விழுந்த மழையை, வயல் முழுக்கப் பயிர் நிற்கிற தட்டை நிலத்தில் எங்கே பிடிப்பது? அதை வடிய விடுவதுதான் வேலை.

உங்கள் ஊருக்கு இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த மழையில் வடிகாலைத் தலையிலிருந்து சட்ரஸ் வரை நடந்து, ஒவ்வொரு குழாய்ப் பாலத்திலும் மேல்மட்டம், கீழ்மட்டம், எலுமிச்சை எடுத்த வினாடி மூன்றையும் தேதி, மணியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சட்ரஸ் ஷட்டர் எந்த மணிக்குத் தூக்கப்பட்டது, எந்த மணிக்கு இறக்கப்பட்டது என்றும் எழுதுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் "வடிகாலைத் தூர்வாருங்கள்" என்று மனு கொடுத்தால் அது நூற்றில் ஒன்றாகிவிடும். "55 கன அடி வடிய வேண்டிய இடத்தில் இந்தக் குழாயில் 10 கன அடிதான் போகிறது, மேலே கீழே முக்கால் அடி வித்தியாசம்" என்று நோட்டைக் காட்டினால், எந்தக் குழாயை மாற்றுவது என்பதையாவது அங்கேயே பேச ஆரம்பிக்கலாம்.